பூமி முன்பைவிட அதிகமாக ஆடுகிறதா? மியான்மரை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "போனைத் திறந்தாலே நிலநடுக்கச் செய்திதான். துருக்கி, மியான்மர், ஆப்கானிஸ்தான், ரஷ்யா என்று வந்துகொண்டே இருக்கிறது. பூமிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இத்தனை செயற்கைக்கோள் சுற்றியும் ஒரு நாள் முன்னாலாவது ஏன் சொல்ல முடியவில்லை? எப்படித்தான் கண்காணிக்கிறார்கள்?"

நான் புவி இயற்பியல் படித்தவன். சில காலம் நில அதிர்வுப் பதிவுகளைப் படித்துப் பார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன். தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சந்தேகத்தை உடனே தீர்த்துவிடலாம். பூமி அதிகமாக ஆடத் தொடங்கவில்லை. உலகம் முழுவதும் சேர்த்து, 7 முதல் 8 வரை அளவுள்ள நிலநடுக்கம் ஆண்டுக்குச் சராசரியாக 15 வரும். 8-ஐத் தாண்டியது ஒன்று வரும். நூறாண்டுக்கும் மேலான பதிவுகள் சொல்லும் கணக்கு இது. நடுவில் ஏற்ற இறக்கம் உண்டு. 1989-ல் 7-ம் அதற்கு மேலுமாக மொத்தம் 6தான். 2010-ல் 23. இதில் எந்த ஒழுங்கும் இல்லை. மாறியிருப்பது நம் காதுகள்தான். கருவிகள் பெருகிவிட்டன, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் மட்டுமே நாளுக்குச் சுமார் 55 நிலநடுக்கங்களின் இடத்தைக் குறிக்கிறது. முன்பு இவற்றில் பெரும்பாலானவை அந்தந்த ஊரோடு முடிந்துபோகும். இப்போது ஐந்தாவது நிமிடத்தில் உங்கள் போனுக்கு வந்துவிடுகின்றன.

உண்மையில் நாம் கவலைப்பட வேண்டிய கணக்கு வேறு. 2025-ல் ஐந்து வார இடைவெளியில் நடந்த இரண்டு நிலநடுக்கங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்துக்கு அப்பால் கடலடியில் 8.8. உலகில் இதுவரை பதிவான மிகப் பெரியவற்றில் ஒன்று. சுனாமி எழுந்து செவெரோ-குரில்ஸ்க் துறைமுகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் ரஷ்யாவில் யாரும் நேரடியாக இறந்ததாகத் தகவல் இல்லை. ஆகஸ்ட் 31 நள்ளிரவு நெருங்கும் நேரம், ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் 6.0. இறந்தவர்கள் 2,200-க்கும் மேல்.

அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அந்தக் கணக்குப்படி கம்சட்காவில் வெளிப்பட்டது குனாரைப்போல் சுமார் 16,000 மடங்கு. அதில் பிழைத்தார்கள், இதில் கிராமம் கிராமமாகப் புதைந்தார்கள். குனாரில் நிலம் உடைந்தது வெறும் 8 கிலோமீட்டர் ஆழத்தில். மேலே மலைச்சரிவில் மண்ணும் கல்லும் அடுக்கிய வீடுகள், கனத்த கூரைகள், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். நம் நாட்டில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலை லாத்தூர் பக்கம் கில்லாரியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான்: 6.2 அளவு, கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய கனமான சுவர்கள், ஏறத்தாழ 10,000 உயிர்கள்.

ஆகவே செய்தியில் வரும் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். திருவிழாவில் வேட்டு போடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் காது அடைக்கும், அடுத்த ஊர்க்காரனுக்கு லேசாகக் கேட்கும். வேட்டு ஒன்றுதான். நிலநடுக்கத்தின் அளவு என்பது வேட்டின் மருந்து. உங்கள் வீடு எவ்வளவு ஆடும் என்பது நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள், அது எவ்வளவு ஆழத்தில் நடந்தது, உங்கள் காலடியில் பாறையா களிமண்ணா என்பதையெல்லாம் பொறுத்தது. (பத்திரிகைகள் இன்னும் ரிக்டர் என்றே எழுதுகின்றன. சார்ல்ஸ் ரிக்டர் 1935-ல் தந்த அளவுகோல் பெரிய நிலநடுக்கங்களுக்குச் சரிப்படாது. இன்று பெரியவற்றுக்குப் பயன்படுவது, எவ்வளவு பரப்பு உடைந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதிலிருந்து கணக்கிடும் வேறொரு அளவு.)

இனி, ஏன் வருகிறது என்பதற்கு மியான்மரையே எடுத்துக்கொள்கிறேன். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, அங்கே பகல் 12 மணி 50 நிமிடம். அளவு 7.7. மையம் மண்டலே நகரத்துக்குப் பக்கத்தில், சகாயிங் அருகே.

மியான்மரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு பிளவு ஓடுகிறது. சகாயிங் பிளவு என்று பெயர், நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு மேற்கே இருக்கும் நிலம் இந்தியத் தட்டோடு (பூமியின் மேலோடு சில பெரிய பாறைத் துண்டுகளாக இருக்கிறது, அவற்றில் ஒன்று) சேர்ந்து வடக்கே போகப் பார்க்கிறது. கிழக்கே இருக்கும் நிலம் அதோடு போகவில்லை. இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வித்தியாசம். நகம் வளரும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் பிளவின் இரண்டு முகமும் பாறை. ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும், வழுக்காது. மழைக்காலத்தில் ஊறி இறுகிய பழைய மரக்கதவைத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். தோளைக் கொடுத்துத் தள்ளத் தள்ளப் பலகை வளையும், கதவு அசையாது. திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது ஒரே உதறலாகத் திறந்துகொள்ளும். பாறையும் அப்படி வளைந்து வளைந்து ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. பல பத்தாண்டுகள், சில இடங்களில் பல நூற்றாண்டுகள். பிடிப்பு விடும் அந்தச் சில நொடிகள்தான் நிலநடுக்கம்.

அந்தப் பிளவின் வேறு வேறு துண்டுகள் 1929, 1930, 1946, 1956 ஆண்டுகளில் உடைந்திருக்கின்றன. 1930-ல் ஆடியது பாகோ பக்கம். அங்கும் யாங்கோனிலும் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் மண்டலேக்குத் தெற்கே, இன்றைய தலைநகர் நேபிடோவை ஒட்டிச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம் மட்டும் வெகுகாலமாக அமைதியாக இருந்தது. பழைய அவா நகரத்தைப் பாழாக்கிய 1839 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பெரிதாக எதுவும் உடையவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். 186 ஆண்டுகள், ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: மூன்றரை மீட்டருக்கு மேல் கடன் சேர்ந்திருக்கிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, இங்கே 7.9 வரை வரலாம் என்று எச்சரித்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்தது 7.7.

இந்த நிலநடுக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இதுவரை கிடைக்காத ஒரு காட்சியைத் தந்தது. மையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, தாஸி ஊர்ப்பக்கம் ஒரு சூரிய மின்நிலையம். அதன் வாசலில் இருந்த கண்காணிப்பு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கேட் கிடுகிடுவென்று ஆடுகிறது. சில நொடிகள் கழித்து, காட்சியில் தெரியும் நிலத்தின் ஒரு பாதி இன்னொரு பாதியை விட்டு அப்படியே வழுக்கிப் போகிறது. மரம், மின்கம்பம், தரை எல்லாம் சேர்ந்து. நடுவே மண் கிழிகிறது. முதன்முறை பார்த்தபோது இது கேமரா ஆட்டமாக இருக்கும் என்றே நினைத்தேன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான், ஒரு நாட்டின் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைத் தாண்டி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காணொளியைச் சட்டம் சட்டமாக அளந்தார்கள். 1.3 நொடியில் 2.5 மீட்டர் நகர்வு. உச்ச வேகம் நொடிக்கு 3.2 மீட்டர். ஒரு ஆள் ஓடும் வேகத்தில் நிலம் நகர்ந்திருக்கிறது. நகர்ந்த பாதையும் நேர்கோடாக இல்லாமல் லேசாக வளைந்திருந்தது. அதற்குமுன் வளைந்த தடங்களைப் பாறைமேல் கீறல்களாக மட்டுமே பார்த்திருந்தோம்.

உடைப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. துணியின் விளிம்பில் சிறு கிழிசல் விழுந்து, இழுத்த இழுப்பில் சர்ரென்று நீள்வதைப்போல, வடக்கும் தெற்குமாக 450 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. தெற்கு நோக்கி ஓடியபோது, அது எழுப்பிய குறுக்கு அலைகளையே முந்திக்கொண்டு போனது. ஒலியை முந்தும் போர் விமானம் பின்னால் ஓர் அதிர்ச்சியை இழுத்துக்கொண்டு போகுமே, அதே போன்ற நிலை. நேபிடோ மையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருந்தும் அந்த அடி வாங்கியதற்கு இது ஒரு காரணம். 1934-ல் பிரிட்டிஷார் காலத்தில் கட்டிய பழைய அவா பாலம் ஐராவதி ஆற்றுக்குள் சரிந்தது. ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். சகாயிங், மண்டலே பகுதிகளில் பழைய பள்ளிவாசல்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. அரசு சொன்ன கணக்கிலேயே இறந்தவர்கள் 3,700-க்கு மேல். உள்நாட்டுப் போரால் ஏற்கெனவே நொந்துபோயிருந்த ஊர்கள் அவை. இடிபாட்டைத் தூக்க இயந்திரம் இல்லாமல் கையால் தோண்டியவர்களின் படங்கள் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அதே நேரம் சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று நொடிகளில் தரைமட்டமானது. அவ்வளவு தூரத்தில் எப்படி? பாங்காக் நகரமே ஆழமான மென்களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேகமாகத் துடிக்கும் அலைகள் தூரம் போகப் போக அடங்கிவிடும். மெதுவாக ஊசலாடும் அலைகள் அடங்காமல் வெகுதூரம் போகும். களிமண் அவற்றைப் பெருக்கிக் கொடுக்கும். உயரமான கட்டடங்களும் இயல்பாகவே மெதுவாக ஊசலாடுபவை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகுமில்லையா, அதுதான் நடந்தது. 1985-ல் மெக்சிகோ நகரம் இதே பாடத்தைப் படித்தது. அந்த நகரம் பழைய ஏரிப் படுகைமேல் இருக்கிறது. ஆனால் பாங்காக்கில் எல்லாக் கட்டடமும் ஆடியது, விழுந்தது அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாப் பிளவும் இப்படிப் பக்கவாட்டில் வழுக்குவதில்லை. கம்சட்காவில் பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வேகத்தில் நிலத்துக்கு அடியில் செருகுகிறது. விடுபடும்போது கடல்தரையே மேலே எகிறும், அதன்மேல் நிற்கும் தண்ணீரும் எகிறும். சுனாமி பிறப்பது அப்படித்தான். 2004 டிசம்பர் 26 சுமத்ராவும் இந்த வகை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் நினைவிருக்கிறதா? சுமத்ராவுக்கு மேற்கே 8.6, சென்னையில் அலுவலகங்களை விட்டு எல்லாரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பெரிய சுனாமி வரவில்லை. அது பக்கவாட்டு வழுக்கல். கடல்தரை தண்ணீரைத் தூக்கவில்லை.

சரி, கண்காணிப்பது எப்படி? அடிப்படைக் கருவியின் தத்துவம் நூறாண்டுக்கு மேல் பழையது. பஸ் சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார். பஸ் நகர்ந்துவிட்டது, அவர் உடம்பு பழைய இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. சுருளில் தொங்கும் ஓர் எடையும் அப்படியே. தரையும் பெட்டியும் ஆடும், எடை இருந்த இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பதிவு. கொடைக்கானல் மலையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே இப்படியொரு கருவி வந்துவிட்டது. இன்றைய கருவிகள் எடையை நகரவிடாமல் மின்காந்தத்தால் பிடித்துவைத்து, பிடிக்க எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று அளக்கின்றன. நுட்பம் எப்படி என்றால், பாறைக்குள் அறை வெட்டி வைத்தாலும் தூரத்துக் கடல் அலையின் முணுமுணுப்பு இடைவிடாமல் பதிவாகிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் பக்கத்து மரத்தின் வேர் அசைவதுகூடத் தெரியும். அதனால்தான் நிலையங்களை ரோடு, ரயில், ஆலை எதுவும் இல்லாத இடமாகத் தேடி வைக்கிறார்கள்.

பதிவில் முதலில் வருவது முதன்மை அலை. பாறையை அழுத்தி விரித்துப் போகும், நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். அடுத்து வருவது குறுக்காக உலுக்கும் இரண்டாம் அலை, சுமார் 3.5 கிலோமீட்டர். சேதம் செய்வது பெரும்பாலும் இதுவும் இதன்பின் தரையோடு தவழ்ந்து வரும் அலைகளும்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சின்ன வயதில் கணக்குப் போட்டிருப்போம். இங்கும் அதே வித்தைதான். இரண்டு அலைக்கும் நடுவே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பத்து நொடி இடைவெளி என்றால் 80 கிலோமீட்டர் தள்ளி. ஒரு நிலையம் தூரத்தை மட்டும் சொல்லும். மூன்று நிலையம் இருந்தால் மூன்று வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். நான் கற்றுக்கொண்டபோது காகிதத்தில் காம்பஸ் வைத்து வரைந்தோம். இப்போது டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையம் சில நிமிடங்களில் இடமும் அளவும் வெளியிட்டுவிடுகிறது.

பாறை உடைந்த பிறகுதான் நில அதிர்வுமானி பேசும். உடைவதற்கு முன் ஆற்றல் எங்கே சேர்கிறது என்று பார்க்க ஜி.பி.எஸ். இருக்கிறது. ஜப்பான் நாடு முழுக்கச் சுமார் 1,300 நிலையங்களை நிலத்தில் பதித்து, நிலம் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, எங்கே நகராமல் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கவனிக்கிறது. இன்னொன்று ரேடார் செயற்கைக்கோள். ஒரே இடத்தை வெவ்வேறு நாளில் படம் பிடித்து ஒப்பிட்டால் சென்டிமீட்டர் அளவு நகர்வும் வரிவரியாகத் தெரியும். சகாயிங் பிளவு எங்கிருந்து எங்குவரை உடைந்தது என்பதை, கால் வைக்க முடியாத போர்ப் பகுதிகளில்கூட, இப்படித்தான் அளந்தார்கள். கம்சட்கா ஆடிய அதே ஜூலை 30 அன்று மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நைசார் கிளம்பியது. 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு மேல் திரும்பி வரும். இமயமலையின் பிளவுகளைத் தொடர்ந்து அளக்க இது பெரிய உதவி.

இவ்வளவு இருந்தும் நாள் குறிக்க முடியவில்லையே என்கிறீர்கள். முயன்றார்கள், மனம்தளராமல் முயன்றார்கள். சீனாவின் ஹைசெங்கில் 1975 பிப்ரவரியில் சிறு அதிர்வுகள் வரிசையாக வந்ததைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள். 7 அளவில் பெரியது வந்தது, ஏராளமானோர் தப்பித்தார்கள். உலகமே நம்பிக்கை கொண்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் தாங்ஷான். அப்படி எந்த முன்னதிர்வும் இல்லை. அரசுக் கணக்குப்படி 2,42,000 பேர் இறந்தார்கள். கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்ற இடத்தில் சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, 1993-க்குள் அடுத்தது வந்தாக வேண்டும் என்று கருவிகளைக் குவித்துக் காத்திருந்தார்கள். 2004 செப்டம்பரில்தான் வந்தது. அவ்வளவு கருவி இருந்தும் வருவதற்குமுன் நம்பத்தக்க எந்த அறிகுறியும் பதிவாகவில்லை.

கம்சட்காவில் 8.8 வருவதற்குப் பத்து நாள் முன்பு, ஜூலை 20 அன்று, 7.4 வந்தது. இன்று பார்த்தால் அது முன்னறிவிப்பு மாதிரித் தெரிகிறது. ஆனால் 7.4 வந்த பெரும்பாலான இடங்களில் அதைவிடப் பெரியது பின்னால் வருவதில்லை. முன்னதிர்வுக்கும் தனி நிலநடுக்கத்துக்கும் பதிவில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பெரியது வந்த பிறகுதான் சின்னதுக்கு அந்தப் பெயர். ஆகவே யாராவது தேதி சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தயவுசெய்து அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அந்த ஒரு செய்தியால் குழந்தைகளோடு தெருவில் இரவைக் கழித்த குடும்பங்கள் உண்டு.

முன்கூட்டிச் சொல்வது வேறு, வந்ததும் எச்சரிப்பது வேறு. இரண்டாவது நம்மால் முடியும். அலையைவிடத் தகவல் வேகமாகப் போகிறதே. மையத்துக்குப் பக்கத்திலுள்ள கருவி முதன்மை அலையைப் பிடித்ததும், உலுக்கும் அலை உங்களிடம் வருவதற்குள் சைரன் அடித்துவிடலாம். 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பத்துப் பதினைந்து நொடி கிடைக்கும். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கே இந்த எச்சரிக்கை போகிறது, மெக்சிகோவில் 1993-லிருந்து. பத்து நொடியில் ரயிலை நிறுத்தலாம், கேஸ் அடுப்பை அணைக்கலாம், மேசைக்கடியில் போகலாம். மையத்துக்கு மேலேயே இருப்பவர்களுக்கு மட்டும் இதனால் பயன் இல்லை.

தொலைவில் பிறந்து வரும் சுனாமிக்கோ நொடிகள் அல்ல, மணிக்கணக்கு கிடைக்கும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் சென்னையில் என் கட்டில் லேசாக ஆடியது. ஓடாத மின்விசிறி அசைந்ததைப் பார்த்து, எங்கோ பெரிதாக நடந்திருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். அலை வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. படித்த எனக்கே கடலைப் பற்றித் தோன்றவில்லை. சொல்ல ஓர் அமைப்பும் அன்று இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடல்தரையில் வைத்த அழுத்தமானிகள், கரையோர அலைமானிகள் எல்லாம் அதோடு இணைந்திருக்கின்றன. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: நிலம் வெகுநேரம் ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ போனில் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேட்டுக்குப் போங்கள்.

கடைசியாக, எல்லாரும் விட்டுவிடும் விஷயம். தைவானில் 1999-ல் 7.6 வந்தபோது 2,400 பேர் இறந்தார்கள். அதன்பின் கட்டட விதிகளை இறுக்கினார்கள், பழைய பள்ளிகளை வலுப்படுத்தினார்கள். 2024 ஏப்ரலில் ஹுவாலியனில் 7.4 வந்தது, இறந்தவர்கள் 20-க்கும் குறைவு, அவர்களிலும் பலர் மலைப்பாதைகளில் விழுந்த பாறைகளால். சென்னை 2002-லேயே இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் நில அதிர்வு மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் ஆடியிருக்கிறது. இமயமலை அளவுக்கு நமக்கு ஆபத்து இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை.

எனவே புதிதாக வீடு கட்டினால், கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சைட்டுக்குப் போய்த் தூணின் கம்பிக்கட்டைப் பாருங்கள். நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டியிருப்பார்கள். தூணின் அடியிலும், மேலே பீம் சேரும் இடத்திலும் ரிங்குகள் நடுப்பகுதியைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். ரிங்கின் நுனி வெறும் எல் வடிவில் மடங்கி நிற்கக் கூடாது. 135 பாகைக்கு வளைந்து தூணின் உள்பக்கமாகக் கொக்கி போட்டிருக்க வேண்டும். எல் வடிவில் விட்டால், ஆட்டத்தில் மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் அவிழ்ந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் உட்காரும். கொக்கி சரியாக இல்லை என்றால் அன்றே மேஸ்திரியிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு பார்க்க முடியாது.